மெர்ல் சொல்லும் ரோடு

— சாவியைக் குடு, ஜானின்.

— முதல்ல டீயைக் குடிம்மா. ஆறுது.

— டீ ஆறட்டும். உங்கப்பா வெளியில கேரவனுக்குத் தண்ணி பிடிச்சுக்கிட்டிருக்கார். தொட்டி நிறைஞ்சதும் கிளம்பணும். சாவி இந்த ஆணியிலதான் தொங்கிச்சு, காலையில காணோம். எடுத்தது நீதான்.

— நான்தான். தரப்போறதில்ல. நேத்து கிரெய்க்கோட பேசிட்டேன். அவனும் எஸ்பெரன்ஸ்லேர்ந்து இதையேதான் சொல்றான். அடுப்பும் படுக்கையுமா அந்த வண்டியில நீங்க ரெண்டு பேரும் ஊர் ஊரா சுத்தினது போதும்.

— ஓ. அண்ணனும் தங்கச்சியும் கூடித் தீர்ப்பு எழுதியாச்சா.

— தீர்ப்பு இல்லம்மா. இங்க போர்ட் அகஸ்டாவிலேயே, தண்ணியைப் பாத்த மாதிரி, வயசானவங்களுக்குன்னு ஒரு வரிசை வீடு கட்டியிருக்காங்க. அதுல ஒன்னு காலியாகுது. உங்க பேரைக் குடுத்து வெச்சிருக்கேன். என் வீட்டுலேர்ந்து நடந்தே வரலாம். டெஸ் ஸ்கூல் விட்டு நேரா தாத்தா பாட்டிகிட்ட வருவா.

— எங்களைக் கேக்காமயே பேரைக் குடுத்துட்ட.

— கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு தெரியும்.

— தெரிஞ்சே குடுத்தேன்னா அதுக்குப் பேர் உதவி இல்ல. வேற ஏதோ.

— அம்மா, அப்பாவுக்கு ஞாபகம் தப்புது. கூடவே இருக்கறதால உனக்குப் படல. நாலு நாளா நான் பாத்துக்கிட்டிருக்கேன். டெஸ் ஒரு குதிரை வரைஞ்சு கொண்டுபோய்க் குடுத்தா. அவர் அதைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, அடடா, என்ன அழகுன்னார். புள்ள என்னைத் திரும்பிப் பாத்தா. நேத்து டீயைக் கோப்பைக்கு வெளியில ஊத்தினார். வந்த அன்னிக்கே வண்டியைக் கொண்டாந்து வாசல்ல கம்பத்துல நிக்கற என் தபால் பெட்டி மேல ஏத்தியிருக்கார். அடிலெய்டுக்கும் பெர்த்துக்கும் முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டின மனுஷன்மா. ஒரு கோழி மேல கூட ஏத்தினதில்லன்னு சொல்லிக்குவார். அவரை நான் எப்படி நல்லார்பர் பொட்டல்ல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட விடறது?

— தபால் பெட்டியை இடிச்சது உங்கப்பா இல்ல. நான்.

— அவரைக் காப்பாத்தறதுக்காகச் சொல்லாத.

— கேளு. நான்தான் ஓட்டறேன். ரெண்டு வருஷமா நான் ஒருத்திதான் ஓட்டறேன். நாங்க வந்தப்ப நீ வேலைக்குப் போயிருந்த, பாக்கல. உன் வாசலும் குறுகல், பின்பக்கமா எடுக்கறது எனக்கு இன்னும் கைகூடல. பெட்டிக்குப் புதுக் கால் நட்டுத் தர பக்கத்து வீட்டு மனுஷன்கிட்ட சொல்லியிருக்கேன்.

— நீயா? நீ ஓட்டினது அந்தச் சின்ன வெள்ளைக் கார். கடைக்கும் சர்ச்சுக்கும் போறதுக்கு.

— ஆமா. அதே நான்தான்.

— அப்பா ஏன் ஓட்டல?

— உக்காரு முதல்ல. நின்னுக்கிட்டே கேக்கற விஷயமில்ல. உங்கப்பாவுக்கு ஞாபகமெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. போனது கண்ணு.

— என்னம்மா சொல்ற?

— கூபர் பெடிக்கு வடக்கே போய்க்கிட்டிருந்தோம். நல்ல வெயில் நேரம். சட்டுனு வேகத்தைக் குறைச்சு ஓரங்கட்டினார், என்ஜினை நிறுத்தினார். ரெண்டு கையும் ஸ்டியரிங் மேலயே இருந்துச்சு. மெர்ல், நடுவுல போற வெள்ளைக் கோடு கொஞ்ச நாளாவே நெளிஞ்சுது, இன்னிக்குக் காணவே காணோம்னார். அவ்வளவுதான் சொன்னார். இறங்கி, வண்டியைத் தடவிக்கிட்டே சுத்தி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். தள்ளி உக்காருன்னார்.

— அந்த இடத்துலயா? ஆள் அரவமே இருக்காதே.

— அடுத்த பெட்ரோல் பங்க் நூறு கிலோமீட்டருக்கும் மேல. நான் என்ன பண்ணுவேன்? தள்ளி உக்காந்தேன். எனக்கு அந்தக் கியரே தெரியாது. அவர் என்ஜின் சத்தத்தைக் காதால கேட்டார். இன்னும் கொஞ்சம் மிதி, இப்ப மாத்து, இப்ப மூணுக்குப் போன்னு அவர் சொல்லச் சொல்ல நான் மாத்தினேன். எதிர்ல மூணு பெட்டி கோத்த லாரி ஒன்னு வந்துச்சு பாரு, நான் பயந்து கண்ணை மூடிட்டேன். அவருக்கு எப்படித் தெரிஞ்சுதோ, கண்ணு இருக்கறவ மூடக்கூடாது மெர்ல்னார். பங்க்ல போய் நிறுத்தினப்ப என் முதுகெல்லாம் தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. அங்கேயே உக்காந்து ரெண்டு பேரும் சிரிச்சோம். எதுக்குச் சிரிச்சோம்னு இன்னி வரைக்கும் தெரியல.

— டாக்டர்கிட்ட போனீங்களா இல்லையா?

— அடிலெய்டுல பாத்தோம். பார்வையோட நடுப்பகுதி போயாச்சு, ஓரத்துல கொஞ்சம் நிழலாட்டம் இருக்கும், இனி திரும்பாதுன்னுட்டாங்க. மறுநாளே அவரா போய் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டார். நான் பெரிய வண்டிப் பரீட்சைக்குப் பேர் குடுத்தேன். பரீட்சை வெச்ச அம்மா என் வயசைப் பாத்துட்டு, இப்ப போய் எதுக்கு இந்த ஆசைன்னாங்க. ஆசை இல்ல, வேலைன்னேன். முதல் தடவை ஃபெயில். அதே பின்பக்கமா எடுக்கறதுலதான். ரெண்டாவது தடவை பாஸ்.

— ரெண்டு வருஷம் எங்ககிட்ட மறைச்சிருக்கீங்க. நான் ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவ. என்கிட்ட கூடச் சொல்லல. வீட்டுக்கு அடிச்ச மஞ்சள் நல்லா இருக்குன்னு அப்பா சொன்னாரே, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

— இறங்கறதுக்கு முன்னாடி நான் காதுல சொன்னேன், மஞ்சள்னு. குதிரையையும் நான்தான் சொன்னேன். எந்தப் பக்கம் தலைன்னு சொல்ல மறந்துட்டேன்.

— ஏன்ம்மா மறைச்சீங்க?

— சொல்லியிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே இந்தச் சாவி காணாமப் போயிருக்கும்.

— சரி, ஒன்னு கேக்கறேன். உனக்கு எழுபத்திரண்டு. அந்தப் பொட்டல் நடுவுல உனக்கு ஒன்னுன்னா? ஸ்டியரிங் மேலயே சாஞ்சுட்டேன்னா? கண்ணு தெரியாத மனுஷன் என்ன பண்ணுவார்?

— அதை யோசிக்காம இருக்கேன்னு நினைக்காத. சாட்டிலைட் போன் வாங்கி வெச்சிருக்கோம். எந்தப் பட்டன்னு அவர் விரலுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவை பழகிப் பாக்கறோம். அதுக்கும் மேல வந்தா, வரட்டும்.

— வரட்டும்னா?

— வேற எப்படிச் சொல்லணும்? பத்திரமா இருங்கற. முப்பத்தொரு வருஷம் பத்திரமா இருந்தவ நான். பீட்டர்பரோ வீட்டுல உன்னையும் கிரெய்க்கையும் வெச்சுக்கிட்டு. உங்கப்பா வாரத்துல ஒரு நாள் வருவார், துணி மாத்திக்கிட்டுப் போவார். ரோடெல்லாம் அவர் பாத்தார். நான் பாத்தது துணி காயற கொடி. இப்பதான் என் கை ஸ்டியரிங்ல இருக்கு. அதைப் பிடுங்க உனக்கு யார் உரிமை குடுத்தா?

— உரிமை இல்லம்மா. பயம்.

— பயம் உன்னோடது. அதை நீ வெச்சுக்க. சாவி என்னோடது.

— அப்பாவை நினைச்சுப் பாரு. தினம் புது இடம், புது மண்ணு. ஒரே வீடுன்னா தடவித் தடவியே பழகிடுவார்.

— கேரவன்தான் அவருக்கு வீடு. கரண்டி எங்க, தீப்பெட்டி எங்கன்னு எல்லாம் கைக்குத் தெரியும். உள்ள எதுவும் மாறாது, வெளியில மட்டும்தான் மாறும். நான் ஓட்டிக்கிட்டே சொல்லுவேன். இடது பக்கம் இது, வலது பக்கம் அது, வானம் இந்தக் கலர்னு. அவர் கேட்டுக்கிட்டே வருவார். சில நாள் குறுக்க ஒரு வார்த்தை பேசமாட்டார். நீ பேர் குடுத்து வெச்சிருக்கியே, அந்த வீட்டுல உக்காந்து நான் அவருக்கு என்னத்தைச் சொல்லட்டும்? அதே சுவரு. அதே நாற்காலி. மூணாவது நாள் எனக்குச் சொல்ல ஒன்னும் இருக்காது, வாயை மூடிக்குவேன். நான் வாயை மூடற அன்னிக்குத்தான் ஜானின், உங்கப்பாவுக்கு முழுசா இருட்டு.

— மாவு டப்பாவுல இருக்கு.

— என்னது?

— சாவி. அடியில போட்டு வெச்சேன். எடுத்துக்க.

— என் பொண்ணுதான் நீ. நான் பாட்டுக்கு கேக் செய்ய ஆரம்பிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?

— கிரெய்க்கிட்ட நான் பேசிக்கறேன். அந்த வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லிடறேன். ஆனா தினம் சாயங்காலம் ஒரு போன். ஒரு நாள் தப்பினாலும் நான் போலீஸை அனுப்புவேன்.

— போன்ல பேச எனக்கு விஷயமா இல்ல? அனுப்பவே வேண்டியிருக்காது. இதோ உங்கப்பாவே வந்துட்டார். ரெக்ஸ், முன்னால ரெண்டு படி.

— தெரியும், தெரியும். தொட்டி நிறைஞ்சாச்சு. என்ன, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு?

— பேச வேண்டியதைப் பேசி முடிச்சுட்டோம். நான் போய் டயரைத் தட்டிப் பாத்துட்டு என்ஜினைப் போடறேன். ஜானின், அப்பாவைக் கூட்டிட்டு வா. எல்லாம் சொல்லிட்டேன் ரெக்ஸ், இனி இவகிட்ட நடிக்க வேண்டாம்.

— கையைக் குடுங்கப்பா. மெதுவா. அம்மா வண்டிக்குப் போயிட்டா. நீங்களாவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்.

— சொல்லியிருக்கலாம். என்னை எங்க கொண்டுபோய் உக்கார வெப்பீங்கன்னு நான் கவலைப்படல, மகளே. அவகிட்டேர்ந்து வண்டியைப் பிடுங்கிடுவீங்கன்னுதான் சொல்லல. ஓட்டும்போது அவ குரலே வேற. கல்யாணம் பண்ணி இத்தனை வருஷத்துல நான் கேக்காத குரல்.

— வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வருவாளாமே.

— வாய் ஓயாது. போன தடவை யூக்லாவுக்குக் கொஞ்சம் முன்னால ஒரு ஆறு வந்துச்சு. ரெண்டு கரையிலயும் பெரிய பெரிய மரம், கிளையெல்லாம் தண்ணியைத் தொடுதாம், வெள்ளை வெள்ளையா பறவைங்க. எனக்காக வேகத்தைக் குறைச்சு, கால் மணி நேரம் அதையே சொன்னா.

— யூக்லாகிட்டயா? அந்தப் பொட்டல்ல ஏதுப்பா ஆறு? மரம் கூடக் கிடையாதே.

— எனக்குத் தெரியாதா? முப்பத்தொரு வருஷம் போய் வந்த ரோடு, ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. அவகிட்ட மூச்சு விட்டுடாத, இந்தத் தடவை நான் கிளம்பறதே அந்த ஆத்தைப் பாக்கத்தான்.