துண்டு பிடித்திருந்தவர்

ஆய்வு நடந்த அன்று நான் சொல்லாமல் விட்டவை இரண்டு. கூடத்தில் துண்டு பிடித்தபடி நின்றவர் எங்கள் ஊழியர் அல்ல என்பதைச் சொல்லவில்லை. அவர் என் அம்மா என்பதையும் சொல்லவில்லை. இன்று விசாரணை அலுவலர் முன் இரண்டையும் சொல்கிறேன்.

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது இருபத்தாறு. மூட்டு, முதுகு, தோள் வலிக்காரர்களுக்கான சமூக சிகிச்சை நிலையத்தில் இயன்முறை மருத்துவராக வேலை செய்கிறேன். எனக்கு மேலே தலைமை இயன்முறை மருத்துவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லாரும் அவரைச் சார் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் இருவரைத் தவிர அங்கே வேறு சிகிச்சை ஊழியர் கிடையாது.

பகலில் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் வைத்துப் பார்ப்போம். மாலையில் கூடத்தில் எல்லாரும் சேர்ந்து பயிற்சி செய்வார்கள். குணமானவர்கள் சிலர் அதன் பிறகும் வந்து, புதிதாக வந்தவர்களின் பக்கத்தில் நின்று, பேச்சுக் கொடுத்துச் செய்ய வைப்பார்கள். நாங்கள் சொல்வதைவிட, அதே வலியில் கிடந்து எழுந்தவர் சொல்வது சீக்கிரம் காதில் ஏறும் என்பது சாரின் எண்ணம். ஆனால் தொடக் கூடாது. "வாய் எவ்வளவு வேணும்னாலும் வேலை செய்யட்டும், கை வேண்டாம்" என்பார். அதற்காகவே அப்படி நிற்பவர்களிடம் ஆளுக்கொரு மடித்த துண்டைக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொல்வார். துண்டு இருக்கும்வரை கை யார் மேலும் போகாது.

என் அம்மா பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். வலது தோள் இறுகிப்போய் வேலையை விட்டார். அதன் பிறகு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தெருவில் போகும் பேருந்து எதுவும் நேரத்துக்கு வருவதில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் அவருக்குத் தலை பின்னிவிடுவது என் வேலை. நிலையத்துக்கு வரச் சொன்னபோது, "அங்க வந்து என்னை அம்மான்னு கூப்பிடாதே. மக சலுகையில வந்தவள்னு பேசுவாங்க" என்றார். அதனால் மற்றவர்களைப் போல நானும் அங்கே கண்டக்டரம்மா என்றே கூப்பிட்டேன். சார்தான் அவருக்குச் சிகிச்சை செய்தார். ஒரு நாள் காலை நான் சமையலறையில் இருந்தபோது அம்மா வந்து முதுகைத் திருப்பிக் காட்டினார். அவரே பின்னிய பின்னல் கோணலாக இருந்தது. நான் அதைச் சரிசெய்யவில்லை. அதன் பிறகுதான் சார் அவர் கையில் துண்டைக் கொடுத்தார்.

ஆய்வாளர் அம்மையார் மாலை நேரத்தில் வந்தார். கட்டில்களின் உயரம், ஒத்தடப் பைகளின் சூடு, கை கழுவும் இடம் எல்லாவற்றையும் பார்த்தார். கைப்பிடிக் கம்பிகளில் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தார். அத்தனையும் வலது கையால் மட்டுமே செய்தார். அப்போது சார், முதுகுப் பிடிப்போடு வந்த ஒருவரைத் திரைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் ஊழியர் என்று நான் மட்டும் இருந்தேன். அதன் பிறகு அம்மா துண்டும் கையுமாக ஆய்வாளர் முன்னால் போய் நின்றார்.

"ஏம்மா, அந்த இடது கை மேல போகாதா?"

"நான் ஆய்வுக்கு வந்திருக்கேன்."

"ஆய்வை வலது கையால பண்ணுங்க. இடது கை சும்மாதானே வந்திருக்கு?"

கூடத்தில் சிரித்தார்கள். ஆய்வாளர் சிரிக்கவில்லை, ஆனால் தோளில் இருந்த பையைக் கீழே வைத்தார்.

எங்கள் கூடத்துச் சுவரில் பென்சில் கோடுகள் உண்டு. தோள் வலிக்காரர்கள் சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறுவார்கள். எட்டிய இடத்தில் கோடு போட்டு, பக்கத்தில் பட்டப்பெயரை எழுதுவோம். ஆய்வாளரிடம் வலி எப்போது தொடங்கியது, விழுந்தாரா, வேறு நோய் உண்டா என்று கேட்டு, கையை அசைத்துப் பார்த்தபின் நான்தான் அவரைச் சுவர் முன் நிறுத்தினேன். அம்மா பக்கத்தில் நின்றார். "மேல போங்க, மேல போங்க, முன்னாடி எடம் இருக்கு" என்றார். ஆய்வாளர் கைக்குப் பதிலாகத் தோளைத் தூக்கியபோது, "அது டிக்கெட் எடுக்காம ஏறப் பாக்குது, எறக்கி விடுங்க" என்றார். ஆய்வாளரின் முகம் சுருங்கியதும், "போதும், இன்னைக்கு இந்த ஸ்டாப்தான். தாவி எறங்காதீங்க, மெதுவா" என்றார். அம்மாவின் விரல்கள் துண்டை முறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஆனால் துண்டு கையைவிட்டுப் போகவில்லை.

அதன் பிறகு ஆய்வாளர் என்னிடம், "உங்க உதவியாளர் நல்லா சொல்லித் தர்றாங்க" என்றார். அம்மா அதற்குள் முட்டி வலிக்காரர்கள் பக்கம் போய்விட்டார், அதைக் கேட்கவில்லை. "ஆமாம் மேடம், நல்லா சொல்லித் தருவாங்க" என்றேன். அது உண்மை. அதற்கு மேல் நான் பேசவில்லை.

ஆய்வறிக்கையில் உதவியாளரைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். பணியாளர் பட்டியலில் அப்படி ஒருவர் இல்லாததால், தகுதி இல்லாதவரைச் சிகிச்சைக்கு வைத்ததாகச் சார் மீது புகார் ஆனது. மாலைக் கூடம் மூடப்பட்டது. சாரின் உரிமமே போகலாம் என்றார்கள். சார் என்னைக் கோபிக்கவில்லை. "கண்டக்டரம்மாகிட்ட சொல்லிடாதீங்க, தோள் திரும்ப இறுகிடும். கூடம் ஏன் மூடியிருக்குன்னு கேட்டா, வெள்ளையடிக்கிறாங்கன்னு சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளையடித்தால் சுவரில் இருக்கும் கோடுகள் போய்விடும் என்று அம்மா சாப்பிடாமல் இருந்ததால், நேற்று நான் உள்ளதைச் சொன்னேன். அம்மா முதலில், "உதவியாளர்னே எழுதிட்டாங்களா?" என்று கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். அதன் பிறகு, "சாருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. நான் யாருன்னு போய்ச் சொல்லு" என்றார். இன்று என்னோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். துண்டையும் கொண்டுவந்திருக்கிறார்.

அவர் எங்களிடம் வந்து குணமான நோயாளி. ஆய்வாளரை அவர் தொடவில்லை. அங்கே நடந்த பேச்சு சாருக்குத் தெரியாது. ஆய்வாளர் தவறாக நினைத்ததைத் திருத்தாமல் விட்டது நான் ஒருத்தி மட்டுமே.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, சொன்னது உண்மை. அம்மா சொல்லச் சொன்னதைத் தவிர, வேறு யாரும் என்னைத் தூண்டவில்லை.

(கையொப்பம்)

விசாரணை முடிந்தபின் அதே சாட்சி கூறிச் சேர்க்கப்பட்டது: ஆய்வாளர், என்னை யாரும் தொடவில்லை, கண்டக்டரம்மாவை ஊழியர் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தார். சார் மீதான புகார் கைவிடப்பட்டது. எனக்கு எச்சரிக்கை வந்தது. கூடம் திறந்தாகிவிட்டது. துண்டு பிடித்திருப்பவர்கள் ஊழியர்கள் அல்லர் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறோம். ஆய்வாளர் எங்கள் நிலையத்தின் ஆய்வுப் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றிவிட்டு, தோளுக்குச் சிகிச்சை எடுக்க வருகிறார். சுவரில் அவருடைய கோடு கண்டக்டரம்மாவின் கோட்டைத் தாண்டிவிட்டது. அவர் ஆள் உயரம், அது கணக்கில் வராது என்று அம்மா சொல்கிறார்.

(கையொப்பம்)