மரத்தில் வைத்த சுண்ணாம்பு

பயிற்சியின்போது நான் விசில் ஊதியதில்லை. விசிலுக்குப் பழகிய கால், விசில் கேட்காத இடத்தில் நின்றுவிடும். இருபது வருடத்தில் ஒரு விசில்கூட வாங்கவில்லை. ஆலையின் வெள்ளிவிழா மலரில் இதை நீங்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

சிறந்த பயிற்சியாளன் யார் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நேரில் வந்தது நல்லதாயிற்று. கடிதமாக எழுதியிருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பேன்.

கேள்வி புதிதல்ல. 1981இல் நம் தோல் ஆலையின் கேன்டீனில் தினமும் சாயங்காலம் இந்த விவாதம்தான். ஆட்டக்காரர்களுக்குப் பெயரளவில் ஆலையில் வேலை, சம்பளம் பந்துக்கு. இரண்டு வருடமாக எந்த ஆட்டத்திலும் தோற்காத கால்பந்து அணி. உடம்பைத் தயார்செய்கிறவனே பயிற்சியாளன் என்பார்கள் சிலர். ஆட்டத்தின் நடுவில் ஆளை மாற்றத் தெரிந்தவன் என்பார்கள் சிலர். மற்றவன் யோசிக்காததை முதலில் யோசிப்பவன் என்பது என் எண்ணம். ஆனால் நான் வாய் திறப்பதில்லை. நலத்துறை அதிகாரி ராஜாக்கண்ணுதான் ஒருநாள் அந்த விவாதத்தை முடித்துவைத்தார்.

"இன்னாத்துக்கு இவ்ளோ பேச்சு? தீர்த்தகிரி டீம்ல இருந்தா எங்க வூட்டு எருமைகூட இந்த வேலையப் பார்க்கும். தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர். எருமைக்குச் சம்பளம் மிச்சம், அவ்ளோதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தீர்த்தகிரியும் அங்கேதான் இருந்தான். தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

அவன் ஜவ்வாது மலைக்காரன். நெல்லிவாசல்நாட்டில் ஒரு சின்ன ஊர். போளூரில் தோளில் புளி மூட்டையோடு ஓடிப்போய், புறப்பட்டுவிட்ட ஜீப்பைப் பிடித்தவனை முதலில் பார்த்தவன் நான். பந்தைக் காலின் எந்தப் பக்கத்தால் நிறுத்துவது என்றுகூட அவனுக்குத் தெரியாது. நான்கு வருடம் சொல்லிக்கொடுத்தேன். அன்று மட்டும் வாய் திறந்து இதைக் கேன்டீனில் சொன்னேன். தீர்த்தகிரி மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "அது சரிங்க மாஸ்டர். ஆனா ஓட்டம் மட்டும் மலை குடுத்தது. எங்க ஊர்ல எல்லாருமே இப்பிடித்தான் ஓடுவாங்க" என்றான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

நான் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. குனிந்து ஓடுகிறவன் பந்தை மட்டும் பார்க்கிறான். நிமிர்ந்து ஓடுகிறவன் மைதானத்தைப் பார்க்கிறான். மற்ற பயிற்சியாளர்கள் 'தலையைத் தூக்கு' என்று கத்துவார்கள். கத்தினால் தலை எழும்பாது. வருடத்துக்கு ஒருமுறை அணியை அந்த மலைக்கே கூட்டிப்போவேன். விடிவதற்கு முன்பே சுண்ணாம்புச் சட்டியோடு காட்டுக்குள் போய், மரங்களில் ஆள் உயரத்துக்கு மேல் ஒவ்வொரு பூச்சு வைத்துக்கொண்டே போவேன். ஒரு பூச்சின் அருகே நின்றால் அடுத்தது தெரியும். கண் அடுத்த பூச்சில்தான் இருக்க வேண்டும். கால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். தினம் ஒரு புதுத்தடம். முதல் வாரம் எல்லோரும் விழுந்தார்கள். இரண்டாம் வாரம் யாரும் கீழே பார்க்கவில்லை. மூன்றாம் வருடத்தில், பார் என்று சொன்னாலும் அவர்களால் கீழே பார்க்க முடியவில்லை. இப்படி ஒரு பயிற்சி இந்த மாவட்டத்தில் வேறு எங்கும் நடக்கவில்லை.

ராஜாக்கண்ணுவின் பேச்சைப் பற்றி மூன்று மாதம் யோசித்தேன். கோபத்தோடு அல்ல. அது நியாயமான கேள்வி. நியாயமான பதில் வேண்டும். ஜெயிப்பது நானா அவனா என்று தெரிய வேண்டுமானால் இருவரில் ஒருவரை விலக்கிப் பார்க்க வேண்டும். நான் விலகினால் எருமை வரும். ஆகவே அவன். அந்த வருட மாவட்டக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அவனை உட்காரவைத்திருக்கலாமே என்பீர்கள். உட்காரவைத்துத் தோற்றால் நான் மடையன். ஜெயித்தால், 'அவன் வெளியே தயாராக இருந்தான், அந்தப் பயத்திலேயே எதிரணி ஆடியது' என்பார்கள். அவன் அங்கே இருக்கவே கூடாது. அது என் முடிவாகவும் தெரியக் கூடாது.

அந்தக் கார்த்திகையில், இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, மலையில் முகாம் போட்டோம். சாமை முற்றியிருந்தது, காட்டுப்பன்றி இறங்கும் காலம். தீர்த்தகிரியின் தாய்மாமன் கோபால்சாமி தன் சாமைக் கொல்லையோரம் ஒற்றையடிப் பாதையில் பன்றிக்குக் குழி வெட்டி, மேலே குச்சியும் சருகும் பரப்பியிருந்தார். என்னைக் கூட்டிப்போய்க் காட்டியவரும் அவரே. குழிக்கு இரண்டு பக்கமும் பாதையின் குறுக்கே, முகத்தில் இடிக்கிற மாதிரி ஒரு பச்சைத் தழைக் கொத்தைத் தலைகீழாகக் கட்டியிருந்தார்.

"இதப் பார்த்தா எங்காளு ஒருத்தனும் தாண்ட மாட்டான் சாமி. தெனம் சாயங்காலம் புதுசு கட்டணும். வாடிப்போச்சுன்னா பழைய குழி, மூடியாச்சுன்னு நெனைச்சிப்பாங்க. புள்ளைங்கள மட்டும் இந்தப் பக்கம் வுட்றாதீங்க."

அடியில் கூரான முளைக்குச்சி நட்டிருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார். ஆழம் கேட்டேன். ஆள் ஆழம் என்றார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவன் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை.

மறுநாள் விடியுமுன் சுண்ணாம்பை அந்தப் பாதை வழியாக வைத்தேன். இரண்டு கொத்துகளையும் அவிழ்த்துப் புதரில் எறிந்தேன். தழை பனியில் நனைந்து கனமாக இருந்தது. குழிக்கு முந்திய சரிவில் பாதை இறங்கும். அங்கே வேகத்தைக் குறைக்க முடியாது. தீர்த்தகிரி எப்போதும் மற்றவர்களைவிட அரை மைல் முன்னால் ஓடுவான். அன்றும் அப்படித்தான் ஓடினான். சரிவுக்கு மேலே நின்று பார்த்தேன். தலை நிமிர்ந்து, கண் அடுத்த பூச்சின்மேல் இருக்க, சரியாக நான் சொல்லிக்கொடுத்தபடி ஓடினான்.

மற்றவர்கள் வந்து சேருமுன், குழிப் பக்கம் திருப்பிவிட்ட இரண்டு மரத்துப் பூச்சுகளையும் கத்தியால் சுரண்டிவிட்டேன்; அவனே தடம் தவறிப் போனதுபோல் இருக்கும். குழிக்குள் முதலில் இறங்கியவன் நான்தான். வலது முழங்கால் திசை மாறியிருந்தது. கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது.

"வெள்ளை இருந்துச்சு மாஸ்டர். மரத்துல வெள்ளை இருந்துச்சு."

"பேசாதே" என்று என் துண்டை அவன் தலைக்குக் கீழே வைத்தேன். வலியில் உளறுகிறான் என்று பையன்கள் நினைத்துக்கொண்டார்கள். கட்டிலில் கிடத்தித் தூக்கிவந்து, ஜீப்பில் போளூர் போய், அங்கிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழு வழியும் அவன் தலை என் மடியில்தான் இருந்தது.

ஊர் கூடி விசாரித்தது. கொத்து இருந்ததா என்று என்னைக் கேட்டார்கள். விழுந்த இடத்தில் பார்க்கவில்லை என்றேன். கோபால்சாமி எழுந்து, "நேத்து கட்டுனேனே" என்றார். சிறிது நேரம் கழித்து, "கட்டுனனா? இல்ல, அது முந்தாநாளா?" என்றார். யாரும் அவரை மிரட்டவில்லை. மூன்று நாளில் தானே மறந்துவிட்டதாக அவரே நம்பி, வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து மருமகனின் கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவன் காலூன்றி நடக்கிறவரை அவன் நிலத்தையும் அவர்தான் உழ வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஏழு வருடமாக உழுகிறார்.

இறுதி ஆட்டத்தை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். தீர்த்தகிரியின் ஒன்பதாம் எண் பனியனைப் பையன்கள் கோல் கம்பத்தில் கட்டிவிட்டு ஆடினார்கள். அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முடிந்ததும் ராஜாக்கண்ணுவைத் தேடிப்போனேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"தீர்த்தகிரிக்காக உசுரக் குடுத்து ஆடிட்டானுங்க மாஸ்டர். இதுல நீங்களும் இல்ல, நானும் இல்ல."

கோப்பையை மலைக்குத் தூக்கிப்போய் அவன் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். பிறகு ஒருமுறை நானும் போயிருந்தேன். ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றான். மாமனைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. "கீழ பார்த்திருந்தா சருகு தெரிஞ்சிருக்கும் மாஸ்டர். பார்க்கத் தோணல. பழக்கம் அவ்ளோ நல்லா வந்துடுச்சு" என்றான். என் வாழ்நாளில் கிடைத்த நேர்மையான பாராட்டு அது ஒன்றுதான்.

இதை இப்போது சொல்வதால் கோபால்சாமிக்கும் ஏதாவது நன்மை வரலாம். வரட்டும். ஆனால் நான் சொல்வது அதற்காக அல்ல. ஏழு வருடமாக எல்லோரும் அந்த வெற்றி தீர்த்தகிரியுடையது என்கிறார்கள். அவன் விழுந்ததால் பையன்களுக்கு அந்த ஆவேசம் வந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவனை விழவைத்தவன் நான். இறுதி ஆட்டத்துக்கு முன் ஓர் அணிக்குள் அப்படியொரு ஆவேசத்தை ஏற்படுத்த வேறு எந்தப் பயிற்சியாளனால் முடிந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள். நீங்கள் படித்தவர். மலரில் அந்தக் கோப்பையின் படத்துக்குக் கீழே என் பெயரை மட்டும் போட்டால் போதும்.