இரண்டாமவரின் சிறு திருத்தங்கள்

எங்கள் வீட்டில் சமைப்பது அவள், பாத்திரம் துலக்குவது நான். சண்டையைத் தொடங்குவது அவள், சமாதானத்துக்கு முதலில் வருவது நான். படிவம் நிரப்புவது மட்டும் எப்போதும் என் வேலை. ஒரு பெட்டி காலியாகக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே தலை நரைத்தவன்; பழக்கம் அப்படி. ஆய்விதழின் அலுவலகத்திலிருந்து நீங்கள் இவ்வளவு மரியாதையாகக் கேட்பதால், நடந்ததை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி நத்தைகளை ஆராய்ந்தவள். ஓடு உடைந்த நத்தை, கல்சுவரைச் சுரண்டித் தின்று, தன் ஓட்டைத் தானே எப்படி அடைத்துக்கொள்கிறது என்பது அவளுடைய வாழ்நாள் கேள்வி. பல்கலைக்கழகத்தில் அவளுக்கு நத்தைக்காரி என்று பெயர். பாராட்டா கேலியா என்று அவள் கவலைப்பட்டதில்லை. வீட்டிலும் சோப்புப் பெட்டியில் ஒருவர், ரொட்டி டப்பாவில் ஒருவர் என்று விருந்தாளிகள் இருப்பார்கள். நான் முகம் சுளித்ததில்லை. என்னை அவள் காற்புள்ளி என்று கூப்பிடுவாள். அவள் கட்டுரைகளை நான் தட்டச்சு செய்யும்போது, காற்புள்ளியைத் தவிர வேறெதிலும் வாய் திறக்க எனக்கு அனுமதியில்லை என்பதால் வந்த பெயர்.

"இந்தத் தலைப்பு ரொம்ப நீளமா இருக்கு" என்பேன்.

"காற்புள்ளி சார், நீங்க புள்ளி வெச்சாப் போதும். தலைப்பு என் தலைவலி."

அது வேடிக்கைக்குச் சொல்வது. நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் இதழில் ஒரு கட்டுரை வந்துவிட்டால், துறையில் மற்றவர்கள் வணக்கம் வைக்கும் விதமே மாறிவிடும் என்பாள். கடல் தாண்டி ஓர் ஆய்வுக்கூடம் அவளுக்குத் தலைமைப் பதவி தருவதாகவும் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை: மழைக்காலம் தொடங்குவதற்குள் அந்தக் கட்டுரையை நீங்கள் ஏற்றிருக்க வேண்டும். பின்னால் நடந்ததற்கும் இந்த வேலைக்கும் சம்பந்தம் இல்லை. விவரம் விட்டுப்போகக் கூடாதே என்று சொல்கிறேன்.

"நீங்களும் வந்துடுங்க" என்றாள்.

"அங்க வந்து நான் எதைத் திருத்துறது?"

"என்னைத் திருத்துங்க. இத்தனை வருஷமா முடியலை, ஊரு மாறினா முடியுதான்னு பார்ப்போம்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தாள்.

கட்டுரையை அனுப்பும்போது, அதை மதிப்பிடத் தகுந்த மூவரின் பெயரையும் மின்னஞ்சலையும் நீங்களே கேட்கிறீர்கள். தங்களுக்குப் பரீட்சை வைப்பவரைத் தாங்களே சிபாரிசு செய்யும் இந்த ஏற்பாடு எனக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. சோபாவுக்கு அடியில் ஒரு நத்தையைத் தேடிக்கொண்டே அவள் மூன்று பெயர்களைச் சொன்னாள். மூன்றாமவர் உடைந்த ஓடுகளைப் பற்றி முதன்முதலில் எழுதிய பெரியவர். ஓய்வு பெற்று எங்கேயோ ஒதுங்கிவிட்டதாகச் சொன்னாள். முகவரி எங்கும் கிடைக்கவில்லை. படிவத்தில் அந்தப் பெட்டி நிரம்பாமல் சிவப்பாகவே இருந்தது. ஆகவே அவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கினேன். சிவப்பு போய்விட்டது.

சில வாரங்களில் அந்த முகவரிக்கு உங்கள் பதிப்பாசிரியர் எழுதினார். இந்தக் கட்டுரையை மதிப்பிட இயலுமா, அவருடைய அரிய நேரத்தை ஒதுக்க முடியுமா என்று. என் நேரத்தை அரியது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

அறிவியல் தெரியாமல் எப்படி மதிப்பாய்வு எழுதினேன் என்று கேட்கிறீர்கள். அவளுக்கு வந்த மதிப்பாய்வுகள் அனைத்துக்கும் பதிலைத் தட்டச்சு செய்தவன் நான். எண்ணிக்கை போதுமா என்று கேட்க வேண்டும். வேறு பருவத்தில் செய்து பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். ஒரு பழைய கட்டுரை விடுபட்டதற்காக லேசாக வருத்தப்பட வேண்டும். முதல் வரியில் "மிக முக்கியமான ஆய்வு" என்று எழுதிவிட்டால், அதன்பின் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

பாராட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். வெறும் பாராட்டு சந்தேகத்தைக் கிளப்பும் என்று தோன்றியது. அதனால் கடைசியில் ஒரு சிறு திருத்தம் கேட்டேன்: தலைப்பு நீளமாக இருக்கிறது, சுருக்கலாம்.

மதிப்பாய்வுகளில் எழுதியவர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்; என்னுடையதற்கு இரண்டு. அவை வந்த அன்று அவள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சத்தமாகப் படித்தாள். முதல் மதிப்பாய்வாளர் நாலே வரியில் நன்று, வெளியிடலாம் என்று எழுதியிருந்தார்.

"இவர் சரியாப் படிக்கலை போல" என்று ஒதுக்கிவிட்டாள். "இந்த இரண்டாமவரைப் பாருங்க. எவ்வளவு நுணுக்கமா படிச்சிருக்கார்! தலைப்பு நீளமாம். உண்மைதானே?"

"உண்மைதான்" என்றேன்.

அன்றைக்கே தலைப்பைப் பாதியாக்கினாள். பதில் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். "இரண்டாம் மதிப்பாய்வாளரின் ஆழ்ந்த கருத்துக்கு எங்கள் மனமார்ந்த நன்றி" என்று அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். திருமணம் ஆன நாளிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாயால் நான் கேட்டதில்லை. மனமார்ந்த என்பதற்குப் பின்னால் தவறுதலாக ஒரு காற்புள்ளி விழுந்துவிட்டது, எடுத்துவிட்டேன்.

அடுத்த சுற்றில் இன்னொரு சிறு திருத்தம் கேட்டேன். அதற்கடுத்தும் ஒன்று. கட்டுரை நிஜமாகவே மேம்பட்டுக்கொண்டிருந்தது. உங்கள் பதிப்பாசிரியரும் பாராட்டியவரை விட்டுவிட்டுக் குறை சொன்னவரையே நம்பினார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். வீட்டில் இரண்டாமவர் மூன்றாவது ஆளாகக் குடியேறிவிட்டார். டீயில் சர்க்கரை குறைந்தால்கூட "இரண்டாமவர்கிட்ட புகார் பண்ணவா?" என்பாள். "உங்களுக்கு அவர் மேல பொறாமை, காற்புள்ளி சார்" என்று ஒருநாள் கண்டுபிடித்தாள். கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

அவள் தங்கை, மருத்துவமனையில் நர்ஸ், வந்தபோதெல்லாம் பொரிந்து தள்ளுவாள். "அக்கா, அந்தாளு உன்னை வெச்சு விளையாடுறான். வேலை வெட்டி இல்லாத ஜென்மம். பொண்டாட்டிகூட பேசமாட்டா போல, இங்க வந்து பேசுறான்."

"மரியாதையாப் பேசுடி, யாரோ பெரியவராத்தான் இருக்கணும்" என்று அவள் அடக்குவாள். நான் தட்டில் பிஸ்கட் வைத்துக் கொடுப்பேன்.

நான்காவது சுற்றில்தான் மழையைக் கேட்டேன். ஓடு அடைபடும் வேகத்தை ஈரப்பதம் மிகுந்த இயற்கைச் சூழலிலும் கவனித்துச் சேர்க்கலாம் என்று எழுதினேன். மழையில் நிற்கச் சொன்னதாக அவள் தங்கை உங்களிடம் சொல்லியிருப்பாள். அந்தச் சொல்லை நான் பயன்படுத்தவில்லை. நீங்கள் கோப்பைப் பார்க்கலாம். மழை வர இன்னும் மாதங்கள் இருந்தன. அவள் சலித்துப்போய் விட்டுவிடுவாள், அந்த ஆய்வுக்கூடத்தின் கெடுவும் கடந்துவிடும் என்று நினைத்தேன். அதாவது, கணக்கிட்டால் அப்படித்தான் வரும். அவளோ ஆய்வுக்கூடத்துக்கு எழுதி அவகாசம் வாங்கிவிட்டாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

முந்தைய ஆண்டு அவளுக்கு நிமோனியா வந்து தேறியிருந்தாள். நுரையீரல் பழையபடி இல்லை, நனையக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மழை தொடங்கியதும் அவள் பல்கலைக்கழகத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த கல்சுவருக்குப் போனாள். அங்கேதான் அவளுடைய நத்தைகள் இருந்தன. ஒரு கையில் குடை, மறு கையில் அளவுகோல். அளக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் குடையைக் கீழே வைத்துவிடுவாள்.

"மாமா, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றாள் தங்கை. "இருமல் அடுத்த தெரு வரைக்கும் கேக்குது."

"நான் சொன்னா கேட்பாளா? ரெண்டாமவர் சொன்னாத்தான் கேட்பா."

நூற்றுக்கு நூறு உண்மை அது. அன்று மாலையே கணினி முன் உட்கார்ந்தேன். மழைத் தரவு தேவையில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், நின்றுவிடுவாள். எழுதவும் தொடங்கினேன். ஆனால் கேட்டதை ஒரு மதிப்பாய்வாளரே திரும்பப் பெற்றால், அவர் மேல் அவளுக்கிருந்த மதிப்பு என்ன ஆவது? அழித்துவிட்டு, அவளுக்குக் கஷாயம் வைக்கப் போனேன். அதை அவள் குடிக்கவும் குடித்தாள்.

மறுபடி நிமோனியா வந்து மருத்துவமனையில் கிடந்தபோது, அவள் கடைசியாகத் தெளிவாகப் பேசியது தரவைப் பற்றித்தான். "மழையில ஓடு ரெண்டு மடங்கு வேகமா அடைபடுது. இரண்டாமவர் கேக்கலைன்னா தெரிஞ்சே இருக்காது. அவருக்கு நல்லா நன்றி எழுதிடுங்க." எழுதிவிடுகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். நான் அழுததைத் தங்கை பார்த்தாள். அது பொய் அழுகை இல்லை என்பதை அவளும் ஒப்புக்கொள்வாள்.

என் மனைவி இறந்தபின், கூடச் சேர்ந்து ஆராய்ந்த சக பேராசிரியை கட்டுரையை முடித்து உங்களுக்கு அனுப்பினார். அது கடைசிக் கருத்துக்காக எனக்கு வந்தது. படித்தேன். ஒரு குறையும் இல்லை. முதல் சுற்றிலேயே இருந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மழைத் தரவால் அது இன்னும் பெரிய கட்டுரையாகியிருந்தது. ஏற்கலாம் என்று எழுதி முடித்துவிட்டேன்.

அப்போதுதான் நன்றியுரையைப் பார்த்தேன். அவளே எழுதி வைத்திருந்தது. இரண்டாம் மதிப்பாய்வாளரின் பொறுமைக்கும் அக்கறைக்கும் முழுதாக ஒரு பத்தி. பல்கலைக்கழகத் தோட்டக்காரருக்கு ஒரு வரி. நான் மேலும் கீழும் தேடினேன்.

ஆகவே ஒரு சிறு திருத்தம் கேட்டேன். எல்லாக் கட்டுரைகளையும் தட்டச்சு செய்து, சோபாவுக்கு அடியில் போகும் நத்தைகளையும் பொறுத்துக்கொண்ட கணவர் நன்றியுரையில் விடுபட்டிருக்கிறார், சேர்க்கவும். சோபாவுக்கு அடியில் நத்தை போன கதை இரண்டாமவருக்கு எப்படித் தெரியும் என்று சக பேராசிரியை உங்களைக் கேட்டார். நீங்கள் உங்கள் பதிவில் இருந்த அந்தப் பெரியவரின் குடும்பத்தைத் தேடினீர்கள். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன என்று தெரிந்தது. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஏன் செய்தேன் என்பதுதானே கடைசிக் கேள்வி. கடல் தாண்டிப் போகவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கட்டுரையை அன்றைக்கே ஏற்றுக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான். இதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

கட்டுரையை என் கருத்து இல்லாமலே வெளியிடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது, தாமதிக்காதீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் நன்றியுரையில் சேர்த்துவிடுங்கள். இறந்தவர் எழுதியதில் கை வைக்கத் தயக்கமாக இருக்கும், புரிகிறது. இரண்டாமவர் கேட்ட எந்தத் திருத்தத்தையும் அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.