மோர்ஹாகன் மருத்துவமனையைக் காப்பாற்றியவன்

பிளம் கேக் எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் குளவி வரத்தான் செய்யும். கையை வீசாமல் இருந்தால் அதுபாட்டுக்குத் தின்றுவிட்டுப் போய்விடும். பதிவுக் கருவி ஓடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் நாடாளுமன்றத்தில் இருந்த காலத்தில் சுகாதாரம் என்றால் எக்கெஹார்ட் பிரோமெல்தான். நான் தும்மினால் பெர்லினில் மருந்துக் கம்பெனிக்காரர்கள் காய்ச்சலில் படுத்துவிடுவார்கள். என்னைக் கேட்காமல் எந்த அமைச்சரும் தொண்டை மாத்திரைகூடச் சப்பியதில்லை. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்.

சின்ன மருத்துவமனைகளைச் சுருக்கும் சட்டம் நான் பெற்ற பிள்ளை. நல்ல சட்டம், இப்போதும் சொல்வேன். பக்கவாதத்துக்கு அரைகுறை வைத்தியம் பார்க்கும் பத்து இடங்களைவிட, முழுசாகப் பார்க்கும் ஓர் இடம் மேல். என் சொந்தத் தொகுதியான மோர்ஹாகனும் அதில் சிக்கியது, அவ்வளவுதான்.

ஆகவே பெர்லினில் அதற்குக் கை தூக்கினேன். ஊருக்கு வந்து அதை எதிர்த்துப் போராடினேன். சிரிக்காதீர்கள், எங்களில் பாதிப்பேர் அப்படித்தான். தேர்தலுக்கு முந்தைய வாரம் ஆஸ்பத்திரியைச் சுற்றி மனிதச் சங்கிலி. கடைசி ஆள் டென்மார்க்கில் நின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வலது கையைப் பிடித்திருந்தவள் வீப்கே. பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சு, இப்போது மீன்கடைக்காரி. அவள் கணவன் ஹென்னிங்குக்கு வசந்தத்தில் லேசான பக்கவாதம் வந்து, அந்த ஆஸ்பத்திரியில்தான் பிழைத்திருந்தான்.

"எக்கே, மேடைப் பேச்சு வேணாம், எங்கிட்ட நெசத்தச் சொல்லுடா," என்றாள். "மறுபடி அவருக்கு வந்துச்சுன்னா இங்க கூட்டிட்டு வரவா, நேரா நகரத்துக்கே ஓட்டிடவா?"

பக்கவாதப் பிரிவு அதற்கு முன்பே காலி. டாக்டர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். தேர்தல் முடியும்வரை வெளியே சொல்ல வேண்டாம், பெயர்ப்பலகையும் அப்படியே இருக்கட்டும் என்று நிர்வாகியைக் கேட்டுக்கொண்டவன் நான். ஆம்புலன்ஸ்காரர்களுக்கு மட்டும் தகவல் போயிருந்தது. அது போதும் என்று பட்டது.

அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மீன்கடைக்காரியிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

"இங்கயே வா வீப்கே. நான் இருக்கற வரைக்கும் இந்தக் கதவ யாரும் மூட முடியாது."

"பொய் சொன்னா ஒனக்கு மூக்கு செவக்கும், ஸ்கூல்லேருந்தே," என்று சிரித்தாள். "இந்த மழைக்குளிர்ல எல்லாருக்கும்தான் செவந்திருக்கு. என்னத்தக் கண்டுபிடிக்கறது."

வியாழக்கிழமை ஹென்னிங்குக்கு மறுபடி பக்கவாதம் வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் நேராக நகரத்துக்குப் போயிருப்பான். ஆனால் மூன்று தெரு தூரத்துக்கு யாரையும் தொந்தரவு செய்வது எங்கள் ஊரில் அநாகரிகம். தலை கழன்று கையில் வந்தாலும் ‘பரவாயில்லை, நடந்தே போய்க்கொள்கிறேன்’ என்பார்கள். அன்று மதியம் வீப்கே அவனை மீன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தாள். உள்ளே ஓர் எலும்பு டாக்டரும், வரவேற்பில் ஒரு பெண்ணும் இருந்தார்கள். அங்கிருந்து நகரத்துக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது ஹென்னிங் உயிரோடு இல்லை.

சனிக்கிழமை சந்தைத் திடலில் பேசினேன். பெர்லின்காரர்கள் ரகசியமாகப் பூட்டுப் போட்டு நம் ஹென்னிங்கைக் கொன்றுவிட்டார்கள் என்றேன். கல்லும் அழுதது. வீப்கே மேடைக்கே வந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "பாவம், ஒன்னையே ஏமாத்திட்டாங்களேடா," என்றாள். மறுநாள் கறுப்பு உடையில் வந்து எனக்கு வாக்களித்தாள். அவ்வளவு வாக்குகள் நான் அதற்கு முன்னும் வாங்கியதில்லை, பின்னும் வாங்கியதில்லை.

அந்தப் பேச்சை இரண்டே நாளில் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டீர்கள். இரண்டு நாளில் எழுதவில்லை. மனிதச் சங்கிலி முடிந்து வீட்டுக்கு வந்ததுமே எழுதிவிட்டேன். என் பேச்சை நம்பி யாராவது ஒருவர் அந்த வாசலுக்கு வரத்தான் போகிறார் என்று தெரியும். சட்டம் எழுதுகிறவன் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். அது ஹென்னிங்காக இருக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் விரும்பியதில்லை. ஆகவே மனசாட்சிப்படி பார்த்தால், அவன் சாவில் எனக்குப் பங்கில்லை.