ரிவர்ஸ் இல்லாத கல்யாணக் கார்

"ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டியிலயா என் தங்கச்சிய ஏத்தப் போற, மாப்ள?"

தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் போகும் பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறியிருந்தது. எனக்கு முன் இருக்கையில் இருவர். கேட்டவர் மணப்பெண்ணின் அண்ணன். மாப்பிள்ளையின் செல்போனில் ஒரு குட்டிச் சிவப்பு கார். பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே கோத்து முழு வண்டியாக்கிக்கொள்வது.

"பைக் எஞ்சின், மச்சான். அதுல ஏது ரிவர்ஸ்? ரிவர்ஸ் வச்ச மாடலும் இருக்கு. ஆனா கனம் கூடும், வேகம் போயிரும்."

"மாதா கோயில் முட்டுச்சந்துக்குள்ள போயிட்டு எப்படி வெளிய வருவ?"

"வள்ளத்தக் கரையேத்துறோம்ல, அந்த மாதிரி தள்ள வேண்டியதுதான். மொத்தமே நானூறு கிலோ."

"கல்யாணக் கார்ல பொண்ணோட அண்ணன் கூட வாரது நம்ம வழக்கம்ல. நா எங்கன உக்கார?"

"ரெண்டு சீட்டுதான், மச்சான். நீ தள்ளுற ஆளு."

அண்ணன் உடனே தங்கையை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"இன்னிக்கே புக் பண்ணணுமாம். ரிவர்ஸ் வேணுமா, வேணாமா? நீயே சொல்லு."

மாப்பிள்ளை செல்போனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பின்னுக்குத் தள்ளணும்னா நீ எங்களுக்கு முன்னாடிதான நிக்கணும்?" என்றது பெண்குரல்.

"ஆமா."

"கோட்டு சூட்டோடயா?"

"ஆமா தாயி!"

"அப்ப ரிவர்ஸ் வேணாம்ணே. வீடியோக்காரர்ட்ட மட்டும் முன்னாடியே சொல்லி வச்சிரு."