கோணக்கழுத்து

எனக்குச் சோளக் கஞ்சி பிடிக்காது. இருபத்தாறு வருடம் சோளத்தையே கட்டிக்கொண்டு அழுதவன் இப்படிச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆராய்ச்சி நிலையத்தில் ருசி பார்க்கும் நாளன்று எட்டுக் கிண்ணங்களை வரிசையாக வைத்து மதிப்பெண் போடச் சொல்வார்கள். நான் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொள்வேன். பிடிக்காத பொருளைத்தான் நடுநிலையோடு அளக்க முடியும் என்பது என் கட்சி. உட்காருங்கள். அக்கா மாவு அரைக்கப் போயிருக்கிறாள். அவள் இருந்தால் உங்களை இரண்டாவது டம்ளர் தேநீர் குடிக்காமல் விடமாட்டாள்.

நீங்கள் வந்தது என்னுடைய இரண்டாவது ரகத்தைப் பற்றி விசாரிக்க. அது நான் உருவாக்கியதே இல்லை, விவசாயிகளின் விதையை எடுத்து எண் மாற்றிவிட்டேன் என்று யாரோ மனு போட்டிருக்கிறார்கள். பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முதல் ரகத்திலிருந்து வரவேண்டும்.

முதல் ரகத்துக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது. சோளத்தை ஒட்டுச்சேர்ப்பது பொறுமையான வேலை. பூ விரிவதற்கு முன்னால் இடுக்கியால் ஆண் பாகத்தை ஒவ்வொன்றாகக் களைய வேண்டும். வேண்டாத மகரந்தம் விழாமல் கதிருக்குக் காகிதப் பை மாட்ட வேண்டும். பையின் மேல் எண், தேதி. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். கதிர்களுக்குக் கல்யாணம் பண்ணிவைப்பதிலேயே என் வயசு போய்விட்டது. கடைசியில் கிடைத்த ரகம் பார்க்க அவ்வளவு அழகு. ஒரே உயரம், ஒரே நாளில் பூப்பு, நிமிர்ந்த கதிர். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினது போல இருக்கும்.

வெளியிடுவதற்கு முன் விவசாயியின் நிலத்தில், அங்கே வழக்கமாக விதைக்கிற சோளத்துக்குப் பக்கத்திலேயே மூன்று வருடம் விளைவித்துக் காட்ட வேண்டும். அக்காவும் மாமாவும் தங்கள் நிலத்தைக் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சின்ன நிலம், கறவை மாடு இரண்டு. அவர்களும் சுற்றியிருந்த முப்பது வீட்டாரும் விதைத்தது ஒரே சோளத்தைத்தான். அதன் கதிர் கைத்தடியின் பிடி மாதிரி வளைந்து தொங்கும், அதனால் கோணக்கழுத்து என்று பெயர். தொங்குகிற கதிரில் குருவி உட்கார முடியாது. இயந்திரத்தாலும் அறுக்க முடியாது. ஒழுங்கில்லாத பயிர்.

முதல் வருடம் கோணக்கழுத்து என் ரகத்தைவிடக் கால் பங்கு அதிகம் கொடுத்தது. இரண்டாம் வருடமும் அப்படியே. இரண்டையும் உள்ளபடியே எழுதினேன். எண்ணில் கைவைக்கிற புத்தி எனக்கு என்றைக்கும் கிடையாது. இதை மட்டும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் அறுவடை அன்றைக்குக் களத்தில் அக்கா எல்லார் முன்னாலும் கேலி செய்தாள். “உன் புள்ள இஸ்திரி போட்ட சட்டையோட நிக்குதுடா. எங்க புள்ள கூனிக்கிட்டு நின்னாலும் வேலைய முடிச்சுட்டுத்தான் நிமிருது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. அக்கா மேல் இல்லை, அவள் எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள். அந்தக் கதிரின் மேல். யாரும் இடுக்கி பிடிக்காமல், யாரும் பை மாட்டாமல், தானாகவே அப்படி வந்து நின்றதே, அதன் மேல்.

மூன்றாம் வருடம் ஐம்பது நாள் மழை இல்லை. பயிர் முழங்கால் உயரத்தில் சுருண்டு நின்றது. பிறகு ஒரே ஒரு நல்ல மழை. மறுநாளே அடித்தூரிலிருந்து பச்சைப் பசேலென்று தளிர் வெடித்தது. வாடிக் கிடந்து துளிர்க்கிற இளஞ்சோளத்தில் விஷம் ஏறியிருக்கும், கதிர் முற்றினால் போய்விடும். இது படித்தவனுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. மாடு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் கேட்டுப்பாருங்கள். அக்காவுக்கும் தெரியும்.

ஆனால் தீவனம் தீர்ந்துவிட்டது.

“தம்பி, காஞ்ச தட்டைகூட முடிஞ்சுபோச்சு. ரெண்டும் என் மூஞ்சியையே பாக்குதுங்க. இளசு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். நீ ஒரு மஞ்சக் காகிதம் வெச்சுப் பாப்பியே, அது சரின்னு சொன்னா நாலு கட்டு அறுத்துப் போடுறேன்” என்றாள்.

மாமாவுக்கு மனசில்லை. “எதுக்கு இந்த விஷப்பரீட்சை? பத்து நாள் பொறு, யார்கிட்டயாவது கடன் கேட்டு ரெண்டு கட்டுத் தட்டை வாங்கியாறேன்.”

“அவன் படிச்சவன். அவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு?” என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

அந்தச் சோதனை எளிது. இலையைப் பொடியாக நறுக்கிக் குப்பியில் போட்டு, மருந்தில் தோய்த்த மஞ்சள் காகிதத்தை உள்ளே தொங்கவிட்டு மூடிவிட வேண்டும். விஷம் இருந்தால் காகிதம் செங்கல் நிறமாகும். அதற்குச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான் அக்காவின் எதிரிலேயே நறுக்கினேன், எதிரிலேயே மூடினேன். பத்து நிமிடம் கழித்துக் குப்பியைத் தூக்கிக் காட்டினேன்.

“மஞ்சளா இருக்கு, பாருக்கா.”

இவ்வளவுதான் சொன்னேன். காகிதம் அப்போது மஞ்சளாகத்தான் இருந்தது. மாட்டுக்குப் போடு என்று நான் சொல்லவில்லை. அவள் அரிவாளை எடுத்தபோது மட்டும், “என் வரிசையில கை வெக்காத, அளவு கெட்டுடும். உன்னோடதுலயே அறுத்துக்க” என்றேன். எந்த ஆராய்ச்சியாளரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அக்கா எனக்காக டப்பாவில் சோறு வைத்திருந்தாள். வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல் மாடு இருபது நிமிடத்தில் முன்னங்கால் மடிந்து விழுந்தது. இரண்டாவது சினையாக இருந்தது, அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அக்கா அதன் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டு இலையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். மாடு கடித்ததில் அவள் கை கிழிந்தது. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சோற்றில் உப்பு குறைவு என்பது நினைவிருக்கிறது. மதியத்துக்குப் பிறகு குப்பியைப் பார்த்தேன், காகிதம் செங்கல் நிறமாகியிருந்தது. குழாயடியில் கழுவிப் பையில் வைத்துக்கொண்டேன்.

கூட்டம் கூடிவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்டார்கள். “இந்தக் கோணக்கழுத்துல விஷம் ஏறியிருக்கு” என்றேன். அதுவும் உண்மைதான். என் வரிசையில் இருந்ததில் ஏறியிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள், நான் மூட முயலவில்லை. நாலே நாளில் முப்பது வீட்டாரும் பயிரைப் பிடுங்கினார்கள். விதைக்கு வைத்திருந்த பானைகளையும் உருட்டிக் கொண்டுவந்து நெருப்பில் கொட்டினார்கள். ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று இரண்டு கிலோ கேட்டேன். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கவனக்குறைவு என்று எழுதப் போகிறீர்களா? பேனாவைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அதற்கு மூன்று நாள் முன்னால், மழை பெய்த மறுநாளே, இரண்டு வகைத் தளிரையும் பறித்து நிலையத்தில் சோதித்திருந்தேன். காலை ஒன்பது மணியிலிருந்து நாலு மணி வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு காகிதமும் ஒரே சிவப்பு. அக்காவிடம் தீவனம் தீர்ந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். அவள் என்ன கேட்பாள் என்றும் தெரியும். அக்கா வீட்டுக்குப் பேருந்தில் வரும்போதுதான் அந்த ‘மஞ்சளா இருக்கு’ வாக்கியத்தை யோசித்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லாதபடி அமைக்க நாலு நிறுத்தம் பிடித்தது.

ஆபத்தான பயிரோடு புதிய ரகத்தை ஒப்பிட வேண்டியதில்லை என்று ரகங்களுக்கு அனுமதி தருகிற குழு முடிவு செய்தது. அறிக்கையில் கோணக்கழுத்தின் இடத்தைக் காலியாக விட்டேன். என் ரகம் வெளியானது, கைதட்டினார்கள். மாமா பால் வருமானம் போனதால் கல் குவாரிக்கு வேலைக்குப் போனார். ஏழாவது மாதம் பாறை சரிந்தது. நான்தான் போய் அடையாளம் சொன்னேன். காரியங்கள் முடிந்ததும் அக்காவை இங்கே கூட்டிவந்துவிட்டேன். கூடப்பிறந்தவன் இருக்கும்போது அவள் ஏன் அநாதையாக இருக்க வேண்டும்?

முப்பது வீட்டாரும் என் ரகத்தை விதைத்தார்கள். மூன்றாவது வருடம் மறுபடி மழை பொய்த்தது. கதிர் எல்லாம் நிமிர்ந்துதான் நின்றது, உள்ளே மணி இல்லை. பதினொரு வீட்டார் கதவைப் பூட்டிக்கொண்டு வேறு பக்கம் போனார்கள். வேறு விதை இல்லையா என்று மற்றவர்கள் கேட்டபோதுதான் நான் குளிர் அறையிலிருந்த இரண்டு கிலோவை எடுத்தேன். ஆறு வருடம் உழைத்து அதன் கழுத்தை நிமிர்த்தினேன். வேறொன்றும் செய்யவில்லை. மனு போட்டவர் சொல்வது சரி. ஆனால் ஊரே கொளுத்தியதைப் பத்திரமாக வைத்திருந்தவன் யார் என்பதையும் நீங்கள் பக்கத்தில் எழுத வேண்டும்.

போன மாதம் புது ரகத்தின் மாவு கொண்டுவந்தேன். அக்கா கஞ்சி காய்ச்சி ஒரு வாய் வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“டேய், இது நம்ம கோணக்கழுத்துடா.”

“இல்லக்கா, இது வேற.”

“வேற இல்ல, என் நாக்குக்குத் தெரியாதா? வேணாம்டா. நான் போட்ட தீனியில ரெண்டு மாடு போச்சு, வயித்துல இருந்த கன்னு போச்சு, உங்க மாமா போனாரு. உன்னையும் நான் கொல்லணுமா?” என்று பானையோடு கொண்டுபோய்க் கொட்டிவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு எதைப் பரிமாறினாலும் முதலில் தான் ஒரு வாய் தின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் தருகிறாள். நானும் காத்திருந்து சாப்பிடுகிறேன்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம். எல்லாம் தன் கையால்தான் போயிற்று என்று நம்பி, பதினொரு வருடமாக அவள் அதோடு எப்படியோ ஒத்துப்போய்விட்டாள். அந்த நிம்மதியையும் அவளிடமிருந்து பறிக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.