துண்டு கேட்காத கங்காணியம்மா

தலைமை வகிக்கும் பாடசாலை அதிபர் நிரஞ்சன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் தம்பி தங்கவேலு முதலாளி அவர்களே, குடும்பத்தாரே, கொட்டும் மழையில் ஊசிமலைத் தோட்டத்திலிருந்து லொறியில் வந்து இடமில்லாமல் கதவோரம் நிற்கும் தாய்மாரே, தந்தைமாரே, பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஹட்டன் நகரில் இந்த மண்டபத்தில் நடந்த இரங்கல் கூட்டங்கள் பலவற்றுக்கு நான் செய்தி எழுதியிருக்கிறேன். பின்வரிசையில் உட்கார்ந்து எழுதிய அந்தச் செய்திகளெல்லாம் ஒரே வரியில்தான் முடியும்: அன்னாரின் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு. இன்று அந்த வரியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழகம்மை அம்மையாரின் இழப்பை ஈடு செய்தே ஆக வேண்டும். திங்கட்கிழமை காலைக்குள் ஈடு செய்தாக வேண்டும்.

யார் அழகம்மை அம்மையார்? உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். நோர்வூட் கடைவீதியில் இரும்புக்கடை நடத்தும் குடும்பத்தில் பிறந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் படிப்பித்தவர். தோட்டப் பாடசாலைகளில் உயர்தர வகுப்புக்குக் கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் படிப்பிக்க ஆளில்லை என்பதால், ஓய்வுபெற்ற பிறகு ஒரு நிதியத்தைத் தொடங்கியவர். ஆளில்லை என்றால் ஆளை உருவாக்க வேண்டும், அதுதான் அவர் போட்ட கணக்கு. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் நன்றாகச் செய்த தோட்டத்துப் பிள்ளையைத் தேடிப் பிடிப்பார். அந்தப் பிள்ளை உயர்தரம் படிக்கவும் பல்கலைக்கழகம் போகவும் விடுதியில் தங்கவும் நிதியம் செலவு செய்யும். படித்து முடித்த பிள்ளை மலைக்கே ஆசிரியராகத் திரும்ப வேண்டும் என்பது அவர் விருப்பம். விருப்பம் என்றுதான் சொன்னேன், நிபந்தனை என்று சொல்லவில்லை. அந்த இரண்டு சொற்களைப் பற்றிப் பேசத்தான் நான் இங்கே வந்தேன்.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. கங்காணியம்மா. அது அன்பால் வைத்த பெயர் அல்ல. அவருடைய பூட்டனார் ஒரு பெரிய கங்காணி. திருச்சிப் பக்கத்திலிருந்து முன்பணம் கொடுத்து ஆள் கட்டிக் கொண்டுவந்தவர். "பூட்டன் தேயிலைக்கு ஆள் புடிச்சான், பேத்தி கணக்குக்கு ஆள் புடிக்கிறா" என்று அவர் காதுபடவே சொல்வார்கள். நானே கேட்டிருக்கிறேன்.

ஊசிமலை மேட்டு லயத்துக்கு அவர் முதன்முதலாகப் போன அன்று, பத்திரிகைக்கு எழுதுவதற்காக நானும் கூடப் போனேன். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த காளியாயி, எங்களைக் கண்டதும் லயம் முழுவதற்கும் கேட்கச் சத்தம் போட்டார்.

"ஏய், கங்காணியம்மா வந்துட்டாங்கடி. வயசுப் புள்ளைகள உள்ள ஒளிச்சு வைங்க."

அம்மையார் நின்றார். "ஒளிச்சு வச்சா மட்டும் விட்டுருவனா காளியாயி? கங்காணிக்கு ஆளுக்கு ஒரு தலைக்காசு உண்டு, தெரியுமில்ல? எனக்குத் தலைக்கு ஒரு தேத்தண்ணி குடு, போதும்."

"சீனி இல்லீங்க."

"சீனி இல்லாத தேத்தண்ணிக்குத்தான் இந்த மலை ஏறி வந்தேன்னு நெனச்சுக்கறேன்."

அங்கே செல்லசாமியின் வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. கணக்குக்கு ஆள் எடுக்க வருகிறேன் என்று அம்மையார் முதல்நாள் சொல்லி அனுப்பியிருந்தார். தோட்டத்தில் கணக்கு என்றால் என்ன? மலையில் நின்று ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை. செல்லசாமி தன் மூத்த மகன் விஜிதரனைக் குளிக்க வைத்து, காற்சட்டை மடிப்புக் கலையாமல், இரவல் சப்பாத்தோடு வாசலில் நிறுத்தியிருந்தார்.

"இவன்தாங்கம்மா. சத்தம் போட்டு வேலை வாங்குவான். மலைக்கு நல்லா ஏறுவான்."

"இவன் எதுக்குப்பா மலைக்கு ஏறணும்?"

"கணக்கப்பிள்ளைன்னா ஏறித்தானங்க ஆகணும்?"

அம்மையார் சிரித்துவிட்டு உள்ளே கை காட்டினார். அடுப்படியில் செல்லசாமியின் இளைய மகள் லோஜினி நின்றிருந்தாள். "நான் கேட்டு வந்தது இந்தக் கணக்க" என்றார்.

அப்போது லோஜினியின் தாய் மீனம்மா ஒரு கேள்வி கேட்டார். "எத்தன வருசத்துக்கு எழுதிக் குடுக்கணும்?"

"ஒரு நாளைக்கும் எழுத வேணாம்."

"படிச்சு முடிச்சுக் கொழும்புலயே நின்னுட்டா?"

"நின்னுட்டா நிப்பா."

மீனம்மாவின் முகத்தில் நன்றி தெரியவில்லை. "எழுதாமக் குடுக்கிறது, எழுதாமலே நின்னுடுங்கம்மா" என்று முணுமுணுத்தார். அதை நாங்கள் இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வார்த்தையை மறந்துவிடாதீர்கள், திரும்பி வருகிறேன்.

நானும் உறுப்பினனாக உள்ள நிதியக் குழுவில் இந்த விஷயத்தில் அவருக்கும் எனக்கும் பல வருடங்களாகச் சண்டை. மூன்று வருடமாவது மலையில் படிப்பிப்பேன் என்று பிள்ளைகளிடம் எழுதி வாங்குவோம் என்பது என் கட்சி. நிதியத்துக்குப் பணம் தரும் கொழும்பு அன்பர்களின் கட்சியும் அதுவே. இரும்புக்கடையின் மேல்மாடியில்தான் கூட்டம் நடக்கும். கீழே கம்பி வெட்டும் சத்தத்துக்கு மேலாக அவர் குரல் கேட்கும்.

"எழுதி வாங்கினா அது துண்டு."

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், இவன் கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். கடன் கங்காணி கொடுத்த முன்பணத்தில் தொடங்கும். அது அடையாது. சட்டம் அதை ஒழித்து நூறு வருடமாகிவிட்டது. ஆனால் அந்தச் சொல் இன்னும் லயத்தில் இருக்கிறது.

"எங்க பூட்டன் துண்டு போட்டுத்தான் சனத்தக் கட்டினாரு. அந்தச் சனத்தோட பேத்தி கையில நானும் ஒரு துண்டக் குடுக்கவா? கங்காணியம்மான்னு கூப்பிடட்டும். கங்காணி வேலைய மட்டும் செய்ய மாட்டேன்."

குழு அவர் சொன்னபடியே முடிவெடுத்தது. துண்டில்லாமலே பிள்ளைகள் படித்தார்கள்.

அன்பர்களே, நான் நிருபர். நடக்காததைச் சொல்லி அவரைப் பெரியவராக்க எனக்குத் தெரியாது. நிதியம் படிக்க வைத்தவர்களில் பெரும்பாலானோர் போய்விட்டார்கள். கினிகத்தேனைப் பக்கம் இரசாயனம் படிப்பிக்கும் சர்மிளாவைப் போல நின்றவர்கள் மிகச் சிலர். போனவர்களைக் குறை சொல்ல முடியுமா? நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில், ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் யார் வீட்டு அடுப்பு எரிந்தது?

வலப்பனையைச் சேர்ந்த பிரதாபன் நிதியத்தின் முதல் பிள்ளை. ஊசிமலை வித்தியாலயத்தில் உயர்தரக் கணித வகுப்பு தொடங்கியதே அவர் அங்கே நியமனம் பெற்று வந்ததால்தான். இந்த ஆண்டு ஜனவரியில் அவர் வெளிநாடு போனார். வழியனுப்ப அம்மையார் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தார். நானும் நின்றிருந்தேன்.

"திட்டுங்க டீச்சர்" என்றார் பிரதாபன்.

"திட்டுனா நின்னுடுவியா?"

"வீட்டு நெலம உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதான் திட்டல. ஏறு, சீட் போயிடும்."

பஸ் போன பிறகு நான் கேட்டேன், இப்போதும் எழுதி வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறீர்களா என்று. "வாங்கியிருந்தா இருந்திருப்பான். பொழுதுக்கும் கதவப் பாத்துக்கிட்டே படிப்பிச்சிருப்பான்" என்றார். கதவைப் பார்த்துக்கொண்டு படிப்பிக்கவாவது ஓர் ஆள் இருந்திருப்பாரே என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பதில் இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அவரே ஊசிமலைக்குப் பஸ் ஏறினார். அதுதான் பதில் என்று நீங்கள் சொல்லலாம். எழுபதைத் தாண்டிய வயதில் ஒரு பெண் தினமும் மலையேறிப் படிப்பிப்பதை எத்தனை நாளைக்கு நம்பியிருக்க முடியும்? மழைக்காலம் வந்தது. மண் சரிந்து பாதை அடைபட்டது. பஸ் தேயிலை ஆலையோடு திரும்பிப் போனது. அங்கிருந்து அவர் நடந்தார். நனைந்த சேலையோடு வகுப்பில் நின்றார். காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடும் நடந்தார். கடைசியில் அது நுரையீரலுக்கு இறங்கியது. முப்பத்தோராம் நாள் கிரியை நேற்று முடிந்தது.

இந்த ஒரு மாதமாக அந்த வகுப்பில் ஆசிரியர் இல்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டோம். ஆளில்லை என்றார்கள். உண்மையாகவே இல்லை, அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பிள்ளைகள் தினமும் வருகிறார்கள். ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் நான் போனபோது வினோதா என்ற மாணவி சொன்னாள்: "மொத மூணு வரி எங்களுக்கு வரும் சேர். நாலாவது வரிதான் யாருக்கும் வரல." பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. இந்த வகுப்பு இத்தோடு நின்றால் அடுத்த வருடம் ஊசிமலையில் கணிதப் பிரிவே இருக்காது. பிறகு எந்த லயத்தில் போய் யாரைத் தேடுவது?

நிதியமும் ஆட்டம் கண்டிருக்கிறது. கொழும்பு அன்பர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். அம்மையார் இருந்தவரை அவருக்காகத் தந்தோம், இனி எழுதி வாங்கினால்தான் தருவோம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை குழு முடிவு செய்ய வேண்டும். எதிர்த்துச் சண்டை போட இனி அம்மையார் இல்லை. என் கட்சி வென்றுவிட்டது போலத்தான் இருந்தது. அந்த வெற்றி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இப்படி இருக்கும்போது போன செவ்வாய்க்கிழமை செல்லசாமி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. லோஜினி இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம்.

"ஐயா, எழுதி வாங்கிக்கங்க. நாங்க கையெழுத்து வைக்கிறோம்" என்றார்.

அம்மாவுக்கு அது பிடிக்காதே செல்லசாமி, அது துண்டு என்று சொல்வாரே என்றேன்.

"துண்டுதாங்க. இருக்கட்டும். எழுதுனா எம்புள்ள மட்டுமா கட்டுப்படும், நீங்களும் கட்டுப்படணும்ல? அம்மா இருந்தாங்க, அவங்க வாயே எங்களுக்குப் போதும். இப்ப எதை நம்பி அவள அங்க விட்டு வைக்கிறது? நடுவுல நின்னுபோனா அவ எங்க போவா? பெரட்டுக்கா?"

கொழுந்து பறிப்பதற்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தைச் சொன்னார். மீனம்மா அன்று முணுமுணுத்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடமும் பிள்ளைகளைக் கட்டுவதா வேண்டாமா என்றே நாங்கள் வாதாடினோம். நம்மை யார் கட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. போய்விடுவார்களோ என்று நாம் பிள்ளைகளைப் பார்த்துப் பயந்தோம். அந்தப் பயத்தோடுதான் அவர்களும் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஆகவே குழுவின் முன் நான் இதை வைக்கப் போகிறேன். எழுதுவோம். ஆனால் பிள்ளையிடம் எழுதி வாங்க வேண்டாம். நாம் எழுதிப் பிள்ளையின் கையில் கொடுப்போம். படித்து முடியும்வரை நிறுத்த மாட்டோம் என்று, பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு. இந்தத் துண்டு லோஜினியிடம் இருக்கட்டும். அவளாக விடுவித்தால் ஒழிய நாம் போக முடியாது. கொழும்பு அன்பர்கள் இதற்கு ஒப்புவார்களா? தெரியாது. ஒப்பாவிட்டால் கடைவீதி முதலாளிமாரிடம்தான் வந்து நிற்பேன். அவர்களும் கைவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று அம்மையார் படத்தின் முன் நின்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் லோஜினி படித்து முடித்து வர இன்னும் காலம் இருக்கிறது. வருவாளா என்பதும் அவள் விருப்பம். திங்கட்கிழமைக்கு அவள் உதவ மாட்டாள்.

திங்கட்கிழமை அந்த வகுப்பில் யார் நிற்பது? நான் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவன். இந்த மேடையில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். மண்டபத்தில் அவர் படிப்பித்த பொறியியலாளர்கள், வங்கியில் வேலை செய்வோர் எத்தனை பேர் இருக்கிறீர்கள். எல்லோரும் ஒரு வருடம் வர வேண்டியதில்லை. கிழமைக்கு ஒரு நாள் வந்தாலும் போதும். பாதை திறந்துவிட்டது. பஸ் இப்போது பாடசாலை வரை போகிறது. நீங்கள் நனைய மாட்டீர்கள்.

நிகழ்ச்சி நிரலில் என் பேச்சுக்குப் பிறகு மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. தலைவர் அவர்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அதை நிறுத்துங்கள். ஊசிமலையில் அந்த வகுப்பு ஒரு மாதமாக மௌன அஞ்சலிதான் செலுத்திக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இதோ கதவோரம் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் நாமும் எழுந்து நின்று பேசாமல் இருக்க வேண்டுமா?

ஒலிவாங்கியை இப்படியே விட்டுவிட்டு இறங்குகிறேன். நாலாவது வரி தெரிந்த யாராவது எழுந்து வாருங்கள். அம்மையாரைப் புகழ வேண்டாம். திங்கட்கிழமை நான் போறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

அதுவரை மௌன அஞ்சலிக்கு நாங்கள் எழுந்திருக்க மாட்டோம்.